இலையான் மொய்க்காத குடிசை

அத்தியாயம் 7

ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "மயக்கம், வாந்தி. காரணம் தெரியவில்லை." கீழே ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை.

தில்லைநாதன் அதை மூன்று தரம் வாசித்தார். மூன்றாம் தரமும் காரணம் தெரியவில்லை.

"இதைக் கொண்டுபோய்க் கப்டனிட்டைக் குடுத்தால், அவன் தனக்குத் தெரிஞ்ச காரணத்தை எழுதிப்போடுவான், டொக்டர்."

டொக்டருக்கு இருபத்தெட்டு வயதுகூட இராது. மிஷன் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இரண்டு நாளாகத் தனியாக நிற்கிறவர். கண்ணிரண்டும் கள்ளுக் குடித்தவன் கண் போலச் சிவந்திருந்தன. அவரோடு கோபித்துப் பயனில்லை என்று தில்லைநாதனுக்குத் தெரியும். ஆனாலும் கோபம் வந்தது.

விஷயம் இதுதான். உயிலங்குளம் சோதனைச் சாவடியில் மூட்டை சுமக்கிற செல்லாயி என்ற பெண் ஒரு மாதத்துக்குள் நான்கு தரம் விழுந்துவிட்டாள். வாயால் நீர் வழியும், உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டும், கண் இருட்டும், விழுவாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தால் மறுநாளே எழுந்து உட்காருவாள். துண்டு கொடுத்து அனுப்புவார்கள். பிறகு மூட்டை தூக்கப் போவாள், பிறகு விழுவாள். நேற்றுப் புதன்கிழமை விழுந்தது கப்டனின் கண் முன்னால். வாயில் நுரை தள்ளி விழுகிற ஒருத்தியைச் சோதனைச் சாவடியில் காண்கிற ஆமிக்காரனுக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வரும்: இயக்கக்காரர் கழுத்தில் கட்டுகிற சயனைட். அவளுடைய அடையாள அட்டையைக் கப்டன் பிடுங்கி வைத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நோயின் பெயர் எழுதிய டொக்டர் கடிதம் வரவேண்டும். வராவிட்டால் விசாரணைக்கு வவுனியா.

இன்று வியாழக்கிழமை.

"நோய்க்குப் பேர் தெரியாமல் இல்லை," என்றார் டொக்டர். "அவவின்ரை கண்மணியைப் பாத்தனான். குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கிக் கிடக்கு. பூச்சிமருந்து குடிச்ச ஆக்களுக்கு வாற குணம் முழுக்க இருக்கு. வயித்தைக் கழுவினன், ஒண்டுமில்லை. குடிச்சனீங்களோ எண்டு கேட்டன், இல்லையாம். வயலுக்கு மருந்து அடிக்கிறனீங்களோ எண்டால், வயலே இல்லையாம். நஞ்சு எண்டு எழுதினால் அது உள்ளுக்கை போன வழியையும் நான் எழுதவேணும். வழியைக் காட்டுங்கோ, இந்த நிமிசம் எழுதித் தாறன்."

"நீங்கள் அவவைக் கேக்கேக்கை பக்கத்திலை ஆர் நிண்டது?"

"வழமைபோலை கட்டிலடியிலை ஒரு ஆமி."

தில்லைநாதன் துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அவர் ஒரு காலத்தில் பொலிஸ் சாஜன். எண்பத்து நான்கில் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவர். இப்போது மன்னார்க் கச்சேரி அலுவலகத்துக்கு முன்னால் வேப்பமரத்துக்குக் கீழே தட்டச்சு மெஷினோடு உட்கார்ந்து பாஸ் விண்ணப்பமும் பெட்டிசமும் அடிக்கிறார். காணாமல் போன மாடு, காணாமல் போன மனிதர், விளங்காத சாவு எல்லாம் அந்த மேசைக்குத்தான் வந்து சேரும். செல்லாயியின் புருஷன் காத்தமுத்துவும் அப்படித்தான் வந்தான், மூன்றாம் தரம் விழுந்த பிறகு. அவள் சுமக்கப் போகுமுன் சாவடியடியில் இருக்கிற யோசேப்பின் கடையில் தேத்தண்ணீர் குடிக்கிறாள், குடித்து ஒரு மணித்தியாலத்தில் விழுகிறாள் என்று கேட்டதும் தில்லைநாதன் தேத்தண்ணீரில்தான் கோளாறு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவள் தேத்தண்ணீரை நிறுத்தினாள். நேற்று வெறும் வயிற்றோடு போய் விழுந்தாள்.

அந்த வெட்கம் அவருடைய முழங்கால் வலியை விட மோசமாகக் குத்திக்கொண்டிருந்தது.

வாசலில் கொன்ஸ்ரன்ரைன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றான். தோட்டவெளி என்ற ஊர்க்காரன். கடலுக்குப் போக நேவி பாஸ் கொடுக்காததால் பின் சீட்டில் கருவாட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறவன். பெட்டிக்கும் அவனுக்கும் நடுவில் சாஜனுக்கு ஒரு சாண் இடம் உண்டு. அவனைச் சுற்றி எந்நேரமும் ஈ, ஊர்ச் சொல்லில் இலையான், பறக்கும்.

"என்ன சாஜன், வருத்தத்துக்குப் பேர் வைச்சாச்சோ?"

"இல்லை."

"என்னட்டைக் கேட்டிருக்கலாம். நான் ஏழு பிள்ளைக்குப் பேர் வைச்சவன்."

"பேசாமல் ஓட்டு."

"ஏறுங்கோ. என்ரை மெய்க்காப்பாளர் எல்லாம் ஏறிட்டினம்," என்று தோளில் இருந்த இலையானைக் காட்டினான்.

தள்ளாடி முகாமடியில் முக்கால் மணித்தியாலம் மறித்து வைத்திருந்தார்கள். ஒரு ஆமிக்காரன் கருவாட்டுப் பெட்டியைத் திறந்து, உடனே மூடி, போகச் சொல்லிக் கையைக் காட்டினான். இப்படியொரு பெட்டி ஆளுக்கொன்று கொடுத்தால் நாட்டில் சோதனையே நடக்காது என்று கொன்ஸ்ரன்ரைன் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தான். தில்லைநாதன் சிரிக்கவில்லை.

உயிலங்குளத்தில் திங்கள், புதன், வெள்ளிதான் பாதை திறப்பு. இந்தப் பக்கம் ஆமியிடம், அந்தப் பக்கம் இயக்கத்திடம். இந்தப் பக்கத்து லொறி இந்தப் பக்கத்தில் நிற்கும், அந்தப் பக்கத்து லொறி அந்தப் பக்கத்தில் நிற்கும். நடுவில் கிடக்கிற ஒரு மைல் தூரத்துக்கு மாவும் சீனியும் மனிதர் முதுகில்தான் போகும். இன்று வியாழன் என்பதால் சாவடி வெறிச்சோடிக் கிடந்தது. சாமான் கொட்டில் பூட்டியிருந்தது. அதன் கதவில் சோக்குக் கட்டியால் 4/12 என்று பெரிதாக எழுதியிருந்தார்கள்.

"கொட்டில் பிறந்த திகதியோ?" என்றான் கொன்ஸ்ரன்ரைன்.

யோசேப் தன் தேத்தண்ணீர்க் கடைக்குள் இருந்தபடியே பதில் சொன்னான். மலேரியாவுக்கு மருந்து அடித்த திகதியாம் அது. ஆமிப் பொடியளுக்குக் காய்ச்சல் என்று கப்டனே ஆளனுப்பி அடிக்க வைத்தானாம். தில்லைநாதன் அந்தத் திகதியை விசாரிக்க வந்த முதல் நாளே பார்த்துவிட்டார். செல்லாயி முதலில் விழுந்தது ஆறாம் திகதி. ஆனால் அந்தக் கொட்டிலுக்குள் நாற்பது பேர் போய் வருகிறார்கள். விழுகிறவள் ஒருத்தி. அவர் அதை அப்போதே வெட்டிவிட்டார்.

அவரைக் கண்டதும் யோசேப் அடுப்பிலிருந்து கேத்தலை இறக்கி வைத்துவிட்டான். இவருடைய தீர்ப்பு ஊரில் பரவியதால் இரண்டு வாரமாக ஒருவரும் அவன் கடைப் பக்கம் வருவதில்லை. கொன்ஸ்ரன்ரைனுக்கு மட்டும் ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தான். அவன் குடித்தான். இன்னொன்று கேட்டுக் குடித்தான். நாலாவது கிளாசையும் குடித்துவிட்டு நாடியைப் பிடித்துப் பார்த்தான்.

"நான் இன்னும் சாகேல்லை, சாஜன். சீனிதான் காணாது."

"எனக்கும் ஒண்டு தாரும்," என்றார் தில்லைநாதன்.

"உங்களுக்கு இல்லை," என்றான் யோசேப். கோபத்தில் அவனே பேசத் தொடங்கினான். அந்தப் பிள்ளைக்கு நஞ்சு வைக்க ஆருக்கு என்ன தேவை? ஆம்பிளையளை விடக் கூட நடை நடக்கிறவள். மற்றப் பெண்கள் மூட்டையைத் தலையில் வைத்துக் கையால் பிடிப்பார்கள், அல்லது இரண்டு பேராகத் தூக்குவார்கள். இவள் மலைநாட்டில் தேயிலைக் கூடை தூக்கின பழக்கத்தில் மூட்டையை முதுகில் போட்டுக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு போவாள். இரண்டு கையும் சும்மா இருக்கும். போகிற போக்கில் விறகும் பொறுக்குவாள். இப்படிப்பட்டவளைப் போய் என் தேத்தண்ணீர் விழுத்துமா?

தில்லைநாதன் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டது காதில் விழுந்தது, மூளைக்குப் போகவில்லை. தேத்தண்ணீர் கிடைக்காத எரிச்சல் நடுவில் நின்றது.

குடியிருப்பு குளக்கட்டுக்குக் கீழே இருந்தது. தோட்டத்துக் கலவரங்களுக்குப் பிறகு வந்து குடியேறிய இந்திய வம்சாவளிச் சனங்களின் குடிசைகள், இருபது இருபத்தைந்து. மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மாட்டுச் சாணமும் சேறும் கலந்து, கால் வைத்த இடமெல்லாம் இலையான் கிளம்பியது. பேசுவதற்கு வாயைத் திறக்க முடியவில்லை.

செல்லாயி குடிசைக்குள் பாயில் சுருண்டு கிடந்தாள். காலையில்தான் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அனுப்பியிருந்தார்கள். இவரைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, முதல் வேலையாக அடையாள அட்டை வந்துவிட்டதா என்று கேட்டாள். இல்லை என்றதும் மறுபடி படுத்துக்கொண்டாள். தலை கனக்கிறதாம்.

தில்லைநாதன் ஒரு மரக்குத்தியில் உட்கார்ந்து, அரை மணித்தியாலம் கேள்வி கேட்டார். என்ன சாப்பிட்டாள், யார் சமைத்தார்கள், எந்தக் கிணற்றுத் தண்ணீர், வெற்றிலை போடுவாளா, பல்லுக்கு என்ன போட்டுத் துலக்குவாள். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. ஒரு பதிலும் உதவவில்லை. வீட்டில் காத்தமுத்துவும் அதே சோற்றைத்தான் தின்கிறான். அவன் கல்லுப் போல நிற்கிறான்.

"ஐயா, அவ ஒரு குத்தமும் பண்ணலீங்க," என்றான் காத்தமுத்து. இதைப் பத்தாவது தரமாகச் சொன்னான்.

"குற்றம் எண்டு ஆர் சொன்னது? நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லும்."

"அதான் சொல்றோமுங்களே."

தில்லைநாதன் எழுந்துவிட்டார். உள்ளே போக வழியில்லாத நஞ்சு. வாயில்லை, வயிறில்லை, வயலில்லை. நாளைக்கு எட்டு மணிக்கு இந்தப் பெண்ணை ட்ரக்கில் ஏற்றப்போகிறார்கள். தன்னிடம் இருப்பது காரணம் தெரியவில்லை என்று எழுதிய ஒரு துண்டு.

கொன்ஸ்ரன்ரைன் மழைக்குப் பயந்து கருவாட்டுப் பெட்டியை உள்ளே கொண்டுவந்து, கூரையைத் தாங்குகிற நடுக் கப்புக்குப் பக்கத்தில் வைத்து, அதனருகே குந்தியிருந்தான்.

"சாஜன்," என்றான். "என்ரை ஆக்களைக் காணேல்லை."

"எந்த ஆக்களை?"

"இலையானை. வெளியிலை ஒரு பட்டாளமே என்னோடை வந்தது. உள்ளுக்கை வந்து அரை மணித்தியாலம், ஒருத்தரும் இல்லை. கருவாட்டுப் பெட்டிக்கு இதைவிட அவமானம் என்ன இருக்கு?"

அவன் பகிடியாகத்தான் சொன்னான். தில்லைநாதன் பெட்டியைப் பார்த்தார். மூடி பாதி திறந்து கிடந்தது. சூடை மீன் நாற்றம் மூக்கைப் பிளந்தது. ஒரு இலையான்கூட இல்லை. அவர் குனிந்தார். கப்பின் அடியில், மண் தரையில், கருஞ்சீரகம் கொட்டியது போலச் செத்த இலையான்கள்.

"நம்ம வீட்ல ஈ வராதுங்க," என்றான் காத்தமுத்து, கொஞ்சம் பெருமையோடு. "கொசுவும் கொறச்சல். சாமி புண்ணியம்."

"எவ்வளவு காலமாய்?"

"ஒரு மாசமாத்தான்."

ஒரு மாதம். தில்லைநாதன் மெதுவாக நிமிர்ந்தார். செத்த இலையானுக்கு நேர் மேலே, கப்பில் அடித்த ஆணியில், சுமைக்கயிறு தொங்கியது. கயிற்றின் நடுவில், தலையில் படுகிற இடத்தில், பழைய சேலைத் துணியைச் சுருட்டிக் கட்டிய தடித்த சும்மாடு. வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்குமாகக் கறுத்திருந்தது.

அவள் மட்டும் கயிற்றைத் தலையில் மாட்டுகிறாள், இரண்டு கையும் சும்மா இருக்கும் என்று யோசேப் சொன்னது இப்போதுதான் மூளைக்குப் போய்ச் சேர்ந்தது.

அவர் ஒரு தடியால் கயிற்றைத் தூக்கி எடுத்தார். காத்தமுத்துவைத் தண்ணீர் கொண்டுவர அனுப்ப நினைத்தார். பிறகு வேண்டாம் என்று விட்டார். அவனும் கேட்கட்டும்.

"பிள்ளை, இந்தச் சும்மாட்டுக்குள்ளை வைச்சு என்ன கொண்டுபோனாய்?"

செல்லாயி புருஷனைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள்.

"இங்கை ஆமி இல்லை," என்றார் தில்லைநாதன். "நான் பொலிசும் இல்லை."

அவள் சொன்னாள். துண்டு துண்டாகத்தான் வந்தது. அவளுடைய அக்கா அழகம்மா அந்தப் பக்கத்தில் அரை ஏக்கர் குத்தகை வயல் செய்கிறாள். நவம்பர் கடைசியில் பயிரில் பூச்சி விழுந்துவிட்டது. பூச்சிமருந்து அந்தப் பக்கம் போகத் தடை. யூரியா, பற்றரி போல அதுவும் பட்டியலில் இருக்கிறது. மூட்டையைக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள், உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள், ஆனால் தலையில் கிடக்கிற அழுக்குச் சும்மாட்டை ஒருவரும் தொடுவதில்லை. மருந்தைப் பிளாஸ்ரிக் சொப்பிங் பையில் ஊற்றி, முடிந்து, துணிக்குள் வைத்துச் சுருட்டிக்கொண்டு போனாள். ஒரே ஒரு தரம். கயிறு அழுத்தியதில் பை வழியிலேயே கசிந்துவிட்டது. மிஞ்சிய பாதியை அக்கா கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போதுதான் முதல் தரம் விழுந்தது. பிறகு சும்மாட்டை வாய்க்காலில் அலசிக் காயப்போட்டு, அதையே கட்டிக்கொண்டு போனாள்.

"எண்ணெய் மருந்து வாய்க்கால் தண்ணிக்குப் போகுமோ, பிள்ளை?"

"நான் அதக் குடிக்கலியே, ஐயா. தலையிலதானே வச்சேன். குடிச்சாத்தானே மருந்து?"

தோட்டத்திலும் வயலிலும் மருந்து குடித்துச் செத்தவர்களைத்தான் அவள் கண்டிருக்கிறாள். தலையில் வைத்துச் செத்தவர்களை அவள் கண்டதில்லை. மாவு மூட்டையின் பாரம், ஒரு மைல் நடை, உச்சியில் கொதிக்கிற வியர்வை, அதற்குள் மருந்தில் ஊறிய துணி. சுமக்காத நாளில் சுகம். ஆஸ்பத்திரியில் தலைமுழுக வார்த்துவிட்டால் சுகம். விழுந்த இடத்தில் கிடக்கிற கயிற்றை உடன் வேலை செய்கிற பெண்கள் பத்திரமாக எடுத்து வந்து வீட்டில் கொடுப்பார்கள். மறுபடி அதையே மாட்டிக்கொள்வாள்.

காத்தமுத்து அவளைத் திட்டத் தொடங்கினான். தில்லைநாதன் அவனைத் தடுத்து, மண்வெட்டி எடுக்கச் சொன்னார். கயிறும் சும்மாடும் குளத்துக்கும் கிணற்றுக்கும் தள்ளி, முழங்கை ஆழத்தில் போயின. பக்கத்துக் குடிசைப் பெண் ஒருத்தி வந்து செல்லாயியின் தலைக்குச் சவர்க்காரம் போட்டு நாலு தரம் வார்த்தாள்.

மண்ணை மிதித்து மூடும்போதுதான் காத்தமுத்து அந்தக் கேள்வியைக் கேட்டான். கடிதத்தில் இதையா எழுதப்போகிறீர்கள்?

தடைசெய்த சாமானை அந்தப் பக்கம் கடத்தினவள் என்று தாங்களே எழுதிக் கொடுப்பது அது. சயனைட் என்றாலாவது சந்தேகம். இது ஒப்புதல் வாக்குமூலம்.

"காரணம் தெரியாமலே இருந்திருக்கலாம் போலை கிடக்கு," என்றான் கொன்ஸ்ரன்ரைன். அவன் பகிடி விடவில்லை.

தில்லைநாதனுக்கு எதையாவது உதைக்க வேண்டும் போல இருந்தது. இரண்டு வாரம் அலைந்து ஒரு தரம் சரியாகக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தது வாயால் சொல்ல முடியாத சங்கதி. பிழையாகக் கண்டுபிடித்ததை எல்லாம் ஊரே கேட்கச் சொல்லித் தீர்த்தாயிற்று. தேத்தண்ணீர் பிழை. கொட்டிலையோ முதலே வெட்டியாயிற்று. கொட்டில்...

அவர் நின்றார்.

"கொன்ஸ்ரன்ரைன், மோட்டார் சைக்கிளை எடு. டொக்டர் வெளிக்கிட முன்னம் போகவேணும்."

டொக்டர் முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்து, கைவிரலால் நெற்றியை அழுத்திக்கொண்டார். தோல்வழி என்பதைத் தான் கேட்காமல் விட்டதற்குத் தன்னையே ஏசிக்கொண்டார். பிறகு, பொய் எழுதமாட்டேன் என்றார்.

"பொய் வேண்டாம். பூச்சிகொல்லி தோலிலை பட்டு உள்ளுக்குப் போயிருக்கு. இது உண்மை. வேலை செய்யிற கொட்டிலுக்கு நாலாந் திகதி மலேரியா மருந்து அடிச்சிருக்கு, முதல் விழுந்தது ஆறாந் திகதி. இதுவும் உண்மை. ரெண்டையும் பக்கத்திலை பக்கத்திலை எழுதுங்கோ. சேர்த்து வாசிக்கிறது வாசிக்கிறவன்ரை பாடு."

டொக்டர் பேனா மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். கடைசியில் எழுதினார். அன்று தான் எழுதியதில் காரணம் தெரியவில்லை என்ற சொற்கள் இல்லாத ஒரே துண்டு அதுதான் என்றார்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குக் கப்டன் கடிதத்தை நின்றபடி வாசித்தான். பிறகு கதிரையில் உட்கார்ந்து வாசித்தான். கொட்டிலுக்கு மருந்து அடிக்கச் சொன்னது யார் என்று சிங்களத்தில் கேட்டான். பக்கத்தில் நின்ற சிப்பாய் கப்டனையே பார்த்தான். தில்லைநாதன் நல்ல பொலிஸ் சிங்களத்தில், இதன் பிரதி ஒன்று மேலே அனுப்ப வேண்டுமா என்று பணிவாக விசாரித்தார். தேவையில்லை என்றான் கப்டன். மேசை லாச்சியைத் திறந்து அடையாள அட்டையை எடுத்து மேசையில் எறிந்தான்.

அதோடு நிற்கவில்லை. இனி இப்படி வராமல் இருக்க, பாரம் தூக்க முன்னம் சுமக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து கொட்டிலைக் கழுவ வேண்டும் என்று உத்தரவு போட்டான். நாற்பது பேரும் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து, ஒரு குற்றமும் செய்யாத கொட்டிலைப் பத்து மணி வரை தேய்த்துக் கழுவினார்கள். செல்லாயியை ஏசிக்கொண்டே கழுவினார்கள். செல்லாயியும் குனிந்து நின்று கழுவினாள். கழுவினவர்களில் உண்மை தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

பிறகு புதுக் கயிறு, புதுச் சும்மாடு. முதல் நடையை முடித்துத் திரும்பி வந்தபோது அவளுக்கு வேர்த்திருந்தது. வாய் காய்ந்திருந்தது. நீர் வழியாத அந்தக் காய்ந்த வாயைப் பார்த்துத் தில்லைநாதனுக்கு மூச்சு வந்தது.

"தேத்தண்ணி குடிக்கலாமா, ஐயா? இல்ல, அதுவும் தப்பா?" என்று கேட்டாள். குரலில் குத்தல் இருந்தது. அவர் வாங்கிக்கொண்டார்.

யோசேப் இரண்டு கிளாஸ் ஊற்றினான். ஒன்று அவளுக்கு, ஒன்று கொன்ஸ்ரன்ரைனுக்கு. சாஜன் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. கொன்ஸ்ரன்ரைனின் தோளிலிருந்து ஒரு இலையான் கிளம்பி, செல்லாயி தலைமேல் ஒரு சுற்றுச் சுற்றி, புதுச் சும்மாட்டில் உட்கார்ந்து, பிறகு அவள் கிளாசின் விளிம்பில் வந்து இருந்தது. அவள் கையை ஓங்கினாள்.

"பொறு, பிள்ளை," என்றார் தில்லைநாதன்.

இலையான் விளிம்பைச் சுற்றி நடந்தது. முன்னங்கால் இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு பறந்து போனது.

"இப்ப குடி," என்றார்.